நீ விலையைக் கேட்கவே இல்லை

தம்பி, போன மாதம் பெங்களூரிலிருந்து போன் போட்டாயே, அந்தப் பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "அம்மா, நாலு சக்கரத்துக்கும் பவர் போற ஸ்போர்ட்ஸ் செடான்ல ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். கம்பெனிக்காரங்க வண்டியை நம்ம ஊருக்கே கொண்டு வாராங்களாம். பிரேக் எதுல நல்லாருக்கு, ஹேண்ட்லிங் எதுல நல்லாருக்குன்னு நீயே ஓட்டிப் பாத்துச் சொல்லிரு" என்றாய். நான் கல்லாவை விட்டு எழுந்து ஒரு குதி குதித்தேன். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் தடுப்புக்குள் இருந்த காலேஜ் பையன் எதற்கோ பயந்து மானிட்டரையே அணைத்துவிட்டான். எத்தனை வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்த வண்டிகள்! என்னைப் போய் ஓட்டச் சொல்கிறாயே என்று அன்று முழுக்க எனக்குச் சோறே இறங்கவில்லை. அதனால்தான் நீ விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆயிற்று.

இணையத்தில் இந்தக் கார் மன்றத்தில் என்னை இத்தனை நாளாக 'ப்ரோ' என்று கூப்பிட்டு வந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பொம்பளை. கல்யாணத்துக்கு நிற்கும் மகன் எனக்கு இருக்கிறான். கார் படிப்பு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரு பக்கம் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு, டார்க் என்றால் என்ன, டிஃபரன்ஷியல் எதற்கு, அண்டர்ஸ்டியர் எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தோண்டித் தோண்டிப் படித்தேன். நீ ஸ்கூல் விட்டு வந்து யூனிஃபார்மோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இந்த வண்டி டர்போவா?" என்று கேட்பாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். அப்போதெல்லாம் எந்தக் காரைப் பார்த்தாலும் உன் வாயில் வரும் முதல் கேள்வி எது தெரியுமா? "இது எவ்வளவும்மா?"

என் தொழில் எனக்குக் கொடுத்த குணம் சந்தேகம். அதை மறைக்க மாட்டேன். "மெயில் மட்டும் பாக்கணும்க்கா" என்று வந்து மூலை சீட்டையே கேட்கிறவனைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளை நம்பரைச் சொல்லாமல் பேச்சை நீட்டினால், ஏற்கெனவே வேறு கடையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று தெரியும். ஒருவர் எதைக் கேட்காமல் தாண்டிப் போகிறார் என்று கவனிப்பதே எனக்குப் பழக்கம். உன் விஷயத்தில் மட்டும் கார் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

முதல் சனிக்கிழமை ஜெர்மன்காரன் வண்டி வந்தது. மறுநாள் மாதா கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு, அந்த முதல் ஓலை வாசிப்புக்கு என்று நீ ஊருக்கு வந்திருந்தாய். வாசலில் வண்டி வந்து நின்ற செத்த நேரத்தில், அகரத்திலிருந்து உன் வருங்கால மாமனாரும் வந்து இறங்கினார். கையில் வாழை இலையில் கட்டிய மல்லிகைப்பூ. "சும்மா பொண்ணு வீட்டுக்காரனும் ஒரு ரவுண்டு வரலாம்னு மாப்ள சொன்னாரு, சம்பந்தியம்மா" என்றார். நல்லது, கூட வரட்டும் என்றுதான் நினைத்தேன். காரில் ஏறும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "அண்ணே, போட்டுக்கிட்டே ஏறுங்க" என்றேன். "வேணாங்க, தோட்டத்து மண்ணு" என்று காலைத் தரை விரிப்பில் முழுசாக வைக்காமலே உட்கார்ந்தார். நீ கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாய். பார்த்தாயோ இல்லையோ.

சிறுமலை ரோட்டில் ஏறினோம். விற்பனைக்காரத் தம்பி முன் சீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். "மேடம், நாலு வீல் ட்ரைவ். அதனால பிரேக் அடிச்சா அப்படியே புடிச்சு நிக்கும்." எனக்கு முதல் சந்தேகம் அங்கே பிறந்தது. "தம்பி, பவர் நாலு சக்கரத்துக்குப் போறது கெளம்புறதுக்கும் வளைவுல இருந்து வெளிய வாரதுக்கும்தான். நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு பிரேக்குதானே? மூணு பிரேக்கோட எவன் கார் விக்கிறான்?" என்றேன். அவர் சிரித்து, "மேடம் ரொம்பப் படிச்சிருக்கீங்க" என்று ஏசியைக் கூட்டினார். இதை இங்கே படிக்கும் பிள்ளைகளும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி தரும் தைரியம், நிறுத்தும் நேரத்தில் கூட வராது. மழையில் தைரியமாக வேகம் ஏற்றிவிட்டு, டயர் பிடிக்காமல் பள்ளத்தில் போய் நிற்கும் வண்டிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

அந்த வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே சத்தமே இல்லை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திருப்பினால், முன்பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு, பிறகு பெரிய மனிதர் மாதிரி நிதானமாகச் சேர்கிறது. பிரேக் முதல் மிதியில் நன்றாகக் கடிக்கிறது. மலையிறங்கி அடிவாரம் வரும்போது பெடல் கொஞ்சம் உள்ளே போகிறது என்று நீயே சொன்னாய், லேசாகக் கருகல் வாசனையும் வந்தது. பின் சீட்டில் மல்லிகை வாசனை, முன்னே பிரேக் வாசனை. இறங்கியதும் விற்பனைக்காரத் தம்பி விலை விவரம் அச்சடித்த தாளை எடுத்தார். ஓட்டியவன் நீ. கேள்வி கேட்டவள் நான். தாளை அவர் நேரே கொண்டு போய் நீட்டியது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த உன் மாமாவிடம். கார் விற்கிறவனுக்கு, கூட்டத்தில் யார் காசு கொடுப்பவர் என்று முகத்தைப் பார்த்தே தெரியும் என்பார்கள். யாரோ முன்கூட்டியே சொல்லியும் இருக்கலாம். உன் மாமா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நீ போன் வந்ததுபோல் அந்தப் பக்கம் நகர்ந்தாய். உன் போன் அடிக்கவில்லை, தம்பி.

அடுத்த சனிக்கிழமை ஜப்பான்காரன் வண்டி. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பின்னால் அந்த இறக்கை, முன்னால் அந்த மூக்கு, சக்கரத்துக்குள் தெரியும் சாப்பாட்டுத் தட்டு அளவு பிரேக்கு. நம் தெருவே கூடிவிட்டது. இந்தத் தடவை நான் ஓட்டினேன். சிறுமலை வளைவில் நான் கை திருப்பிய அளவுக்குத்தான் வண்டியும் திரும்பியது, மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வளைவு முடியும் முன்பே மிதித்தால், பின்சக்கரம் தள்ளி, முன்சக்கரம் இழுத்து, ரோட்டை அப்படியே சுருட்டிக் கையில் கொடுக்கிறது. பலாப்பழ வண்டி ஒன்று எதிரே திடீரென்று வந்தது. மிதித்தேன். வண்டி நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. திரும்ப அடிவாரம் வரை வளைவுக்கு வளைவு மிதித்தும் பெடல் முதல் மிதி மாதிரியே இருந்தது. சீட்டுதான் கல்லு மாதிரி. பின்னால் இருந்த உன் மாமா ஒவ்வொரு குழியிலும் "மாதாவே" என்றார். நீ பின்னாலிருந்து, "அம்மா, மெதுவா! இது உன் வண்டின்னு நெனச்சியா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். யார் வண்டி என்ற கேள்வி அப்போதும் எனக்கு வரவில்லை.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். நீயும் விற்பனைக்காரரும் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உன் மாமா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"சம்பந்தியம்மா, எனக்கு இதெல்லாம் வெளங்காது. போன வார வண்டிக்கும் இந்த வண்டிக்கும் வித்தியாசம் அம்புட்டு இருக்கா?"

"என்னண்ணே இப்பிடிக் கேட்டுட்டீங்க! அது காரு. இது பேயி! வாங்குனா இதத்தான் வாங்கணும்."

"அப்ப இதுதான் நல்லதுங்கிறீங்க."

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்ண்ணே."

அவர் தலையை ஆட்டினார். டீயைக் குடிக்கவில்லை. "இந்த வண்டி வெளிநாட்டுலயே செஞ்சு முழுசா வருதாமே, அதான் வெல கூடவாம். நீங்க இம்புட்டு வெவரமா சொல்றீங்க, சரிதான்" என்று டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தார். "ஏண்ணே கேக்குறீங்க?" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்றார். தனக்கு விளங்காத ஒரு வண்டியில், இரண்டு மாடலுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஒரு மனிதர் சும்மா எதற்குக் கேட்கிறார்? அந்த வித்தியாசத்துக்கான காசு எங்கிருந்து வரப்போகிறது என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். அன்றைக்கு மருத்துவர் மாதிரி நான் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த டீ டம்ளரை நினைத்துக்கொண்டேதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம், "லோன் எந்த பேங்க்லடா?" என்றேன். "பாத்துக்கலாம்மா" என்றாய். கடன் போட்டுக் கார் வாங்குகிறவன் வாயைத் திறந்தால் வட்டி சதவீதம்தான் வரும். இந்த மன்றத்திலேயே பாருங்கள், எத்தனை பேர் பிரேக்கை விட்டுவிட்டு மாதத் தவணையைப் பற்றியே பக்கம் பக்கமாக அழுகிறார்கள். நீ ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. ஞாயிறன்று உன் அப்பா, வாசல் கேட்டை அகலப்படுத்தக் கொத்தனாரைக் கூட்டி வந்து அளந்துகொண்டிருந்தார். "எதுக்குங்க இப்ப?" என்றேன். "வர்றது வரட்டும்னுதான்" என்றார். "என்ன வருது?" "ஏன்டி, குடுக்குறவங்க சந்தோசமா குடுக்குறாங்க. நீ எதுக்குக் குறுக்க பிரேக் போடுற?" என்று டேப்பை மடக்கினார். யார் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது பார்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் பேசியிருக்கும் பெண் ஜெனி போன் பண்ணினாள். எப்போதும்போல, "அத்தை, சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தாள். நான் மெதுவாகக் கார் பேச்சை எடுத்தேன்.

"ஆமா அத்தை, அவரு ஆசைப்பட்டு அவரே வாங்குறாராமே. அப்பா சொன்னாரு. எனக்கு நீங்கதான் ஓட்டக் கத்துக்குடுக்கணும்."

"அப்பாவா சொன்னாரு?"

"ஆமா. 'மாப்ள ஆசைப்பட்டு அவரே வாங்குறாரு, நீ அதப்பத்தி ஒண்ணும் கேட்டுக்கிடாத'ன்னாரு. ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். போன வாரம் பெங்களூருக்குக் கிளம்பும்போது நீ என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். 'நான் ஆசைப்பட்டு நானே வாங்குறேன்மா, அதப்பத்தி நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத.' பெங்களூரில் இருக்கும் நீயும், அகரத்தில் இருக்கும் அவரும் வார்த்தை மாறாமல் ஒன்றைச் சொன்னால், அது இரண்டு பேர் உட்கார்ந்து பேசிவைத்த பேச்சு. நிச்சயத்துக்குப் பாக்கு மாற்றப் போனபோது, நாலு வழிச் சாலையை ஒட்டி இருக்கும் அவர் மல்லிகைத் தோட்டத்து ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த அளவுக்கல் புதிதாக நட்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிளாட் போடுகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்தில் கல்லே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நம் வீட்டு வாசலில் நின்ற பச்சை ஸ்கூட்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். முன்னால் நின்றுகொண்டு பேகம்பூர் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வருவாய். அது என் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தது. உன் அப்பா அதை நன்றாகத்தான் வைத்திருந்தார், ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனால் என் அப்பா ஊரிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வருவார். "போன் பண்ணியிருந்தா மாப்பிள்ளை வந்து கூட்டியாந்திருப்பாருல்ல?" என்று கேட்டால், "அவருக்கு எதுக்கும்மா செரமம்" என்பார். வந்ததும் உள்ளே வரமாட்டார். முதலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, சீட்டில் இருக்கும் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். வண்டி சும்மா நின்றால், 'பிடிக்கலையோ' என்ற மாதிரி என் முகத்தைப் பார்ப்பார். கீறல் இருந்தால் கேட்கமாட்டார், தடவிப் பார்ப்பார். தான் வாங்கிக் கொடுத்த அந்த வண்டியில் அவர் ஒரு நாளும் பின்னால் ஏறி உட்கார்ந்ததே இல்லை. சாகிற வரைக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மாமாவைப் பார்த்தபோது, யாரையோ பார்த்த மாதிரி இருந்ததே என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பூசை முடிவில் சாமியார் உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்கிறார். கோயிலில் எல்லாரும் அதைக் கேட்காத மாதிரி நிற்கிறோம். உறவு முறையில் தடையா, வேறு கல்யாணம் ஏதாவது உண்டா என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி என்று எனக்கும் தெரியும். பெண்ணின் தோட்டத்தை விற்றுக் கார் வாங்குவதைத் தடை என்று எந்தச் சாமியாரும் எழுதிக்கொள்ளமாட்டார். ஜெனி தங்கமான பிள்ளை. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று உன்னைவிட நான்தான் அதிகம் ஆசைப்படுகிறேன். ஆனாலும் தடை தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் பட்டுச் சேலையோடு நிற்பது எப்படி?

இதை வீட்டுக்குள் பேசாமல் ஏன் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதினாய் என்று கோபப்படுவாய். யார் பெயரையும் நான் முழுசாகப் போடவில்லை. நம் கோயில் பங்கு மக்களில் இந்த மன்றத்தைப் படிக்கிறவன் நீ ஒருவன்தான். கல்யாணத்தன்று அந்தக் கார் ரிப்பன் கட்டி, ஊரே பார்க்கக் கோயில் வாசலில் நிற்கும் இல்லையா? அதைப் பற்றிய கேள்வி மட்டும் அடுப்படிக்குள் நிற்க வேண்டுமா? இன்னொன்று. இந்த வாரம் உட்கார்ந்து இங்கே உள்ள பழைய கேள்விகளை எல்லாம் திரும்பப் படித்தேன். 'எது நல்ல பிக்கப், எது நல்ல ஹேண்ட்லிங், விலை பிரச்சனை இல்லை' என்று எத்தனை பையன்கள் எழுதியிருக்கிறார்கள்! அவர்களுக்கெல்லாம் மாய்ந்து மாய்ந்து பதில் எழுதியவள் நான். விலை யாருக்குப் பிரச்சனை என்று ஒருவனையும் கேட்கவில்லை. இனிமேல் கேட்பேன். முறைத்தாலும் கேட்பேன்.

நான் சந்தேகப்பட்டது எல்லாமே தப்பாக இருக்கட்டும். ஞாயிறு காலையில் பேங்க் லோன் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டு. நம் தெருவுக்கே கேட்கும்படி, "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு அந்த வண்டிக்கு எலுமிச்சம்பழம் நான் வைக்கிறேன். தோற்றுப்போவதற்கு இவ்வளவு ஆசையாக நான் எப்போதும் இருந்ததில்லை.

நீ கேட்டபடி முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் இரண்டாவது வண்டி, சந்தேகமே இல்லை. ஹேண்ட்லிங்கில் இரண்டாவது வண்டி, பக்கத்தில் வர ஆள் இல்லை. விலையை நான் எழுதவில்லை. அது என் வேலை இல்லை. சனிக்கிழமை வந்து இறங்கியதும் வீட்டுக்கு வராதே. நேரே அகரத்துக்கு பஸ் ஏறு. உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்த மல்லிகைத் தோட்டத்துக்குள் போ. மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, சின்ன வயதில் எந்தக் காரைப் பார்த்தாலும் என்னிடம் கேட்பாயே, அதே மாதிரி வாய்விட்டுக் கேள், "மாமா, இது எவ்வளவு?" என்று. கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நில். அதற்கப்புறமும் உனக்கு அந்த வண்டி வேண்டும் என்று தோன்றினால், நான் சொன்னதில் மாற்றம் இல்லை. இரண்டாவதுதான் நல்ல வண்டி.